கீமோ எடுப்பவரைக் கச்சான் காலத்தில் பார்த்துக்கொள்வது எப்படி (கன்னியாக் கேள்விக்கும் பதில்)

போன கச்சான் காலத்தில் (தென்மேற்கிலிருந்து வெக்கைக் காற்று அடிக்கிற மாதங்கள்) எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அக்கா ஒருவர் கேட்டார்: "தம்பி, சூடு கான்சரைக் கொல்லுமாம் எண்டு வட்சப்பில வந்தது. அம்மாவைக் கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏழு கிணத்துத் தண்ணியும் வார்த்தால் நல்லதோ?" கன்னியா என்றால் திருகோணமலைப் பக்கத்து ஏழு வெந்நீர்க் கிணறுகள். அவருடைய அம்மாவுக்கு அப்போது மூன்றாவது கீமோ முடிந்து ஒன்பது நாள். நான் டொக்டர் இல்லை, ஏ.எல். பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். ஆனால் என் சித்திக்கு எட்டு மாதம் கீமோ நடந்தபோது கொப்பியும் தேர்மோமீட்டருமாகப் பக்கத்தில் நின்றவன். அக்காவுக்குச் சொன்ன பதில் ஒரு சொல்தான்: வேண்டாம். ஏன் வேண்டாம், அதற்குப் பதிலாக வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சூடு பட்டால் உடம்பின் கலத்துக்குள் (செல்லுக்குள்) என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம், அது விளங்கினால் மிச்சம் எல்லாம் தானாக விளங்கும். காலையில் கடற்கரையில் வலைச் சிக்கு எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கலத்துக்குள் இருக்கிற புரதங்களும் அந்த நூல் மாதிரித்தான், ஒழுங்காக மடிந்து நின்றால்தான் வேலை செய்யும். 37 பாகை செல்சியஸில் வாழ்கிற மனிதக் கலத்தை 42, 43 பாகைக்குக் கொண்டுபோனால் மடிப்புகள் அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. சிக்கெடுப்பதற்கென்றே கலத்தில் சில புரதங்கள் இருக்கின்றன, வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயர். சாதாரண நாளில் இவற்றில் சில, எச்.எஸ்.எஃப்.1 என்ற இன்னொரு புரதத்தின் கையைப் பிடித்து அடக்கி வைத்திருக்கும். சூடு வந்து சிக்கு கூடியதும் கையை விட்டுவிட்டு வலைப்பக்கம் ஓடும். விடுபட்ட எச்.எஸ்.எஃப்.1 மூன்று மூன்றாகச் சேர்ந்து, கலத்தின் கருவுக்குள் போய் டீ.என்.ஏ.யில் உட்கார்ந்து, "இன்னும் ஆட்களை அனுப்பு" என்று உத்தரவு போடும். கொஞ்ச நேரத்தில் கலம் முழுக்கச் சிக்கெடுப்பவர்கள்.

இதைக் கண்டுபிடித்ததே ஒரு தவறால்தான். இத்தாலியரான ஃபெருச்சியோ ரித்தோசா பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, யாரோ அடைகாப்புப் பெட்டியின் சூட்டைக் கூட்டி விட்டிருக்கிறார்கள். நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) புதிய இடங்களில் வீக்கங்கள் தெரிந்தன. அதை 1962 இல் எழுதினார், அந்த வீக்கங்களின் பின்னால் இருந்த புரதங்கள் 1974 இல் பிடிபட்டன. ஈயில் நடப்பதுதான் முலையூட்டிகளின் கலங்களிலும் நடக்கிறது, நமக்கும்தான்.

இப்போது முக்கியமான இடம். அளவான சூடு பட்டுப் பிழைத்த கலத்தில் அந்தச் சிக்கெடுக்கும் ஆட்கள் உடனே வீட்டுக்குப் போவதில்லை. இரண்டு மூன்று நாளைக்கு நிற்பார்கள். அந்த இடைவெளியில் மறுபடி பெரிய சூடு வந்தாலும் கலம் தாங்கும். ஆய்வுகூடத் தட்டில் வளர்க்கிற கலங்களில் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். அதோடு இந்தப் புரதங்களில் எச்.எஸ்.பி.70, எச்.எஸ்.பி.27 போன்றவை கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் வழியையும் மறிக்கின்றன, கீமோ மருந்து பல சமயம் நம்பியிருப்பது அந்த வழியைத்தான். புற்றுநோய்க் கலங்களில் பழுதான புரதங்கள் அதிகம், அதனால் பலவற்றில் இந்த ஆட்கள் எப்போதுமே கூலிக்கு நிற்கிறார்கள். தட்டில் நடப்பதை அப்படியே மனித உடம்புக்குச் சொல்ல முடியாது, சரி. ஆனாலும் "கொஞ்சம் சூடு பிடித்தால் கொஞ்சம் சாகும்" என்ற வட்சப் கணக்கு பிழை என்பதற்கு இது போதும். அரைகுறைச் சூடு கலத்துக்குப் பயிற்சி மாதிரி.

அப்படியென்றால் வைத்தியர்கள் சூட்டைப் பாவிப்பதே இல்லையா? பாவிக்கிறார்கள், ஆனால் அளந்து. கட்டி இருக்கிற இடத்தை மட்டும் நுண்ணலையாலோ ரேடியோ அலையாலோ 40 முதல் 43 பாகை வரை, ஏறக்குறைய ஒரு மணி நேரம் சூடாக்கி, கதிர்ச்சிகிச்சையோடோ கீமோவோடோ சேர்த்துக் கொடுப்பார்கள். உடைந்த டீ.என்.ஏ.யைக் கலம் திருத்திக்கொள்வதைச் சூடு குழப்புகிறது, அதோடு ஒட்சிசன் குறைந்து கதிருக்கு மசியாத கலங்கள் சூட்டுக்கு மசிகின்றன, அதனால்தான் இந்தக் கூட்டு. 43க்கு மேலே ஒவ்வொரு பாகைக்கும் தேவையான நேரம் பாதியாகும்: 43 இல் ஒரு மணி நேரம் செய்வதை 44 இல் அரை மணி நேரம் செய்துவிடும். இப்படி வாரத்துக்கு ஒரு தடவை அல்லது இரண்டு தடவைதான் சூடு கொடுப்பார்கள். மேலே சொன்ன ஆட்கள் கலைந்து போக நாள் விட வேண்டுமே. வயிற்றுக்குள் பரவிய சில புற்றுநோய்களுக்கு, அறுவைச் சிகிச்சை மேசையிலேயே, 41 முதல் 43 பாகைச் சூட்டில் கீமோ மருந்தை வயிற்றுக்குள் ஓட விடுவதும் உண்டு. இதில் எதையும் வீட்டில் செய்ய முடியாது. யாராவது "சூட்டுச் சிகிச்சை" என்று காசு கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள்: கட்டிக்குள் எத்தனை பாகை, எத்தனை நிமிடம், அதை எதால் அளக்கிறீர்கள்? பதில் இல்லையென்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

கன்னியாவில் நாம் வாளியால் அள்ளித் தோளில் ஊற்றுகிறோம். தோல் சூடாகும், இரத்தம் அந்தச் சூட்டை இழுத்துக்கொண்டு போய் வியர்வையாக வெளியே தள்ளிவிடும், உள்ளே இருக்கிற கட்டிக்குத் தெரியக்கூட மாட்டாது. முழு உடம்பும் 43க்குப் போனால் கட்டிக்கு முதல் ஆளே போய்விடுவார். அதைவிடப் பெரிய பிரச்சினை, கீமோ போய் ஒன்பதாம் நாள், பத்தாம் நாளில், ஊரெல்லாம் குளிக்கிற ஈரத்தில் நிற்பது. கீமோ வேகமாகப் பிரிகிற கலங்களை அடிக்கும், இரத்தக் கலங்களை உண்டாக்குகிற எலும்பு மச்சையும் அதில் அகப்படும், அதனால் மருந்து போய் 7 முதல் 14 நாளுக்குள் கிருமியோடு சண்டை போடுகிற வெண்குழியங்கள் அடியில் கிடக்கும். நெஞ்சில் போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்குக் கீழே வைக்கிற சிறு கருவி), கையில் குழாய் என்று ஏதாவது வைத்திருந்தால் இன்னும் கவனம்.

அப்போது வீட்டில் செய்ய வேண்டியது என்ன? பாமசியில் ஒரு டிஜிட்டல் தேர்மோமீட்டரும் கடையில் ஒரு சீ.ஆர். கொப்பியும் வாங்குங்கள். காலையும் மாலையும், இடையில் உடம்பு சரியில்லை என்று சொன்னால் அப்போதும், நாக்குக்குக் கீழே வைத்து அளந்து, நேரத்தோடு எழுதுங்கள். பிளேன்டீ குடித்த உடனே அளந்தால் பொய் சொல்லும், அரை மணி நேரம் விடுங்கள். அக்குளில் வைத்தால் கொஞ்சம் குறைத்துக் காட்டும். ஆசனவாயில் வைக்கவே கூடாது, புண் பட்டால் அதுவே கிருமிக்கு வாசல். 38 பாகை, பழைய பரனைட் கணக்கில் 100.4, வந்துவிட்டால் விடியும் வரைக்கும் பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும். வாசலில் முதல் வசனமே "கீமோ எடுக்கிறவர், காய்ச்சல்" என்று இருக்க வேண்டும், கிளினிக் கொப்பியைக் கையில் கொடுங்கள். வரிசையில் பேசாமல் உட்கார்ந்தால் சாதாரணக் காய்ச்சல்காரர் பட்டியலில் விழுந்துவிடுவார்.

நான் விட்ட பிழையையும் சொல்கிறேன். ஒரு பின்னேரம் சித்தி "உடம்பு அனலாய்க் கிடக்கு" என்றார். வெளியே கச்சான் காற்று புழுதியோடு அடித்துக்கொண்டிருந்தது, ஓட்டுக் கூரை கொதிக்கிறது, சரி வெயில் சூடுதான் என்று இரண்டு பனடோல் கொடுத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் 37.4, நிம்மதியாகப் படுத்துவிட்டோம். இரவு பன்னிரண்டரைக்குக் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். போய்ச் சேர்ந்து சேலைனில் அன்டிபயோட்டிக் ஏற்றிய பிறகுதான் உயிர் வந்தது, சித்திக்கும் எனக்கும். பனடோல் கிருமியைக் கொல்லவில்லை, இலக்கத்தை மட்டும் மறைத்தது. அதனால் அளக்காமல், கேட்காமல் பனடோல் கொடுக்காதீர்கள். "வெயிலுக்குள்ள இருந்து வந்தவ, அதுதான்" என்ற சமாதானமும் வேண்டாம். வெயில் சூடா கிருமிச் சூடா என்று கையை வைத்துப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது.

அடுத்தது மருந்தின் பெயர். கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு மருந்துக்கும் சூடு குளிரோடு ஒவ்வொரு விதமான உறவு. ஒக்சாலிபிளாட்டின் போனவருக்குச் சில நாளைக்குக் குளிர் ஆகாது. விரலில் ஊசி குத்தும், குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கும். வெக்கைக்கு ஐஸ் தண்ணீர் நீட்டுகிற நல்ல மனிதர்களை நீங்கள்தான் தடுக்க வேண்டும், பிரிஜ்ஜைத் திறக்கவும் அவரை விடாதீர்கள். கெபசிட்டபின் குளிசைக்கு நேர் எதிர்: உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரியும், சூடும் உரசலும் அதைக் கூட்டும், ஆகவே சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவுவது, நிலாவெளி மணலிலோ மத்தியானக் கோயில் வீதியிலோ வெறுங்காலோடு நடப்பது எல்லாம் நிற்பாட்டு. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தில் கை வைக்கும், தண்ணீர் குறைந்தால் இன்னும் மோசம். எவ்வளவு குடிக்கலாம் என்று கிளினிக்கில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், இருதயக்காரருக்கு அளவு வேறு. சிவப்பு மருந்து, டொக்சோருபிசின், போனால் ஓரிரு நாள் சிறுநீர் சிவக்கும். அது இரத்தம் இல்லை, பயப்படாதீர்கள். கதிர்ச்சிகிச்சை பட்ட தோலில் ஒத்தடமும் வேண்டாம், ஐஸும் வேண்டாம், வெயிலும் வேண்டாம்.

கச்சானுக்கு என்று தனியாக வித்தை ஒன்றும் இல்லை. பதினொரு மணி தொடக்கம் நான்கு மணி வரை வெளியே கூட்டிக்கொண்டு போகாதீர்கள், காற்று வருகிற பக்கத்து ஜன்னலுக்கு ஈரச் சேலை போடுங்கள், கழுத்தையும் கையையும் ஈரத் துணியால் துடையுங்கள். வாந்தியோ வயிற்றோட்டமோ இருந்தால் வெறும் தண்ணீர் போதாது, ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல் தூள்) கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளானாலோ, எழும்பும்போது தலை சுற்றினாலோ கிளினிக்குக்கு ஃபோன் எடுங்கள். மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளென்றால் இரவு பஸ், ஜன்னல் ஓர இருக்கை, அதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

இன்னொன்று, தேர்மோமீட்டர் பற்றறி நடுச்சாமத்தில்தான் சாகும். புதிதாக ஒன்று வாங்கி, கொப்பியின் பின் அட்டையில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.