ஃபிளேர் ஜீன்ஸ் வாங்கப் போகிறீர்களா? முதலில் செருப்பைப் பாருங்கள்

எழுபதுகளின் போட்டோக்களில் சித்தப்பாக்கள் போட்டிருந்த பெல் பாட்டம்தான் இது. இடுப்பிலும் தொடையிலும் பிடித்து, முழங்காலில் இருந்து விரியும். கொஞ்சமாக விரிந்தால் பூட்கட். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு நான் பூட்கட்டைத்தான் சொல்வேன்.

முதல் படி, செருப்பு. ஆம்பூர், ராணிப்பேட்டை என்று ஊர் ஊராக ஷூ தைக்கிற வேலூர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு செருப்பை மறக்கலாமா? எதை அதிகம் போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள். பேண்டின் பின்பக்க ஓரம் தரைக்கு அரை அங்குலம் மேலே நிற்க வேண்டும். ஹீல்ஸுக்கு அளவெடுத்ததைத் தட்டைச் செருப்போடு போட்டால் தெருவைக் கூட்டும். நான் அப்படிப் போய், காட்பாடி ஸ்டேஷன் படிக்கட்டில் என் பேண்டை நானே மிதித்துத் தடுமாறியிருக்கிறேன்.

அடுத்து டிரையல் ரூம். அங்கே உட்கார்ந்து பாருங்கள். இடுப்பு வயிற்றை அழுத்தினால் வேண்டாம். விரிவு உங்கள் முழங்காலில்தான் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். குள்ளமானவர்களுக்கு அது கெண்டைக்காலுக்கு இறங்கிவிடும். அப்புறம் கால் இன்னும் குட்டையாகத் தெரியும். துணி ரொம்பத் தடிமனாக வேண்டாம். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் 14 அவுன்ஸ் (சதுர கஜத்துக்கு எடை) டெனிம் போட்டால் வெந்துபோவோம். அதற்காக ரொம்ப மெல்லிசாகவும் எடுக்காதீர்கள், விரிவு நிற்காமல் காலோடு ஒட்டும். காட்டனோடு 2 சதவீதம் எலாஸ்டேன் (இழுத்தால் நீளும் இழை) கலந்தது உட்கார எழ வசதி.

நீளம் அதிகமா? வாங்கிய அன்றே டெய்லரிடம் ஓடாதீர்கள். காட்டன் சுருங்கும், ஒருமுறை துவைத்துவிட்டுக் கொடுங்கள். விரிவு முழுக்க அடியில்தான் இருக்கிறது. என்னுடையதில் மூன்று அங்குலம் வெட்டினார்கள், திரும்பி வந்தது சாதாரண பேண்ட். அதிகம் குறைக்க வேண்டியிருந்தால் குட்டையான வேறு அளவையே தேடுங்கள். கொஞ்சம்தான் என்றால், "பழைய ஓரத்தையே வைத்துத் தைத்துக் கொடுங்கண்ணா" என்று சொல்லிக் கொடுங்கள். வெளுத்த அந்த ஓரம் இல்லாவிட்டால் வெட்டியது பளிச்சென்று தெரியும்.

மேலே என்ன போடுவது? இடுப்போடு நிற்கும் குட்டைக் குர்த்தி, அல்லது முன்பக்கம் மட்டும் சொருகிய சட்டை. முழங்கால் வரை வரும் குர்த்தி தொடைப்பக்கப் பிடிப்பை மறைத்துவிடும். பார்ப்பவர்கள் பலாசோ என்று நினைப்பார்கள். சரி, அதுதான் வசதி என்றால் பக்கவாட்டில் உயரமாகத் திறந்ததாக எடுங்கள்.

சைக்கிளில் போகிறவர்கள் செயின் பக்கத்துக் காலைச் சுருட்டி ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.