லா பாஸில் மலிவு விடுதி: அறை எடுக்கும் முன்

பொலிவியாவின் லா பாஸ் நகர மையம் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நகருக்கான எல் ஆல்டோ விமான நிலையம் 4,000 மீட்டருக்கும் மேலே. இந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. மலிவு விடுதிகளில் பெரும்பாலும் லிஃப்ட் இருக்காது. அதனால் முதல் மாடிக்கு மேல் அறை வேண்டாம். முதல் நாள் பெட்டியோடு நான்கு மாடி ஏறினால் அன்றிரவே தலைவலி பிடித்துக்கொள்ளும்.

பணம் கட்டும் முன் குளியலறைக் குழாயைத் திறந்து பாருங்கள். பல இடங்களில் ஷவர் தலைக்குள்ளேயே மின்சுருள் இருக்கும். தண்ணீரை முழுவதும் திறந்தால் வெதுவெதுப்பு மட்டும்தான். மெல்லக் குறைத்தால் சூடேறும். ரொம்பக் குறைத்தால் அழுத்தம் போதாமல் சுருள் அணைந்து, பச்சைத் தண்ணீர் கொட்டும். ஷவர் தலையை ஈரக் கையால் தொடாதீர்கள். குழாயில் கை வைத்ததும் சுருக்கென்றால் எர்த் சரியில்லை, அறையை மாற்றுங்கள்.

ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும், அறையில் ஹீட்டர் அரிது. வெயில் படும் ஜன்னலும் கூடுதல் கம்பளியும் கேளுங்கள். மூடிய அறையில் கேஸ் ஹீட்டர் கொடுத்தால் மறுத்துவிடுங்கள்: கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும்.

கோகா இலைத் தேநீர் தருவார்கள், தாராளமாகக் குடிக்கலாம். இலையை மட்டும் ஊருக்குக் கொண்டுவராதீர்கள், பல நாடுகளில் அது குற்றம். முதல் இரண்டு நாள் மது வேண்டாம். படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ நடை தள்ளாடினாலோ உயரத்தால் வரும் நோய் முற்றியிருக்கலாம், விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.