புனித செபஸ்தியார் வரலாற்றைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உரோமையில் உயிர்துறந்த மறைசாட்சியான புனித செபஸ்தியாரைப் பற்றி, ஜனவரி 20ஆம் நாள் திருவிழாவையொட்டிப் பேசுவோர் பலரும், அவர் அம்புகளால் கொல்லப்பட்டார் என்று கதையை முடித்துவிடுகின்றனர். இதுவே முதலில் திருத்திக்கொள்ள வேண்டிய தவறு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அவரது மறைசாட்சிய வரலாற்றின்படி, அம்புகள் தைத்த உடலை அடக்கம் செய்வதற்காக இரவில் வந்த ஐரின் என்னும் கைம்பெண், அவருக்கு உயிர் இருப்பதைக் கண்டு, தம் வீட்டுக்குக் கொண்டுசென்று காயங்களை ஆற்றினார். உரோமையை விட்டுத் தப்பிச் செல்லுமாறு பிற கிறிஸ்தவர்கள் வேண்டியும் கேளாமல், செபஸ்தியார் பேரரசர் தியோக்கிளேசியன் வரும் வழியில் படிக்கட்டருகே நின்று, கிறிஸ்தவர்களுக்கு அப்பேரரசர் இழைத்துவந்த கொடுமையை நேருக்கு நேர் கண்டித்தார். அதன் பிறகே தடிகளால் அடித்துக் கொல்லப்பட்டுச் சாக்கடையில் வீசப்பட்டார். சாவைத் தொட்டு மீண்டவர் தாமே மறுபடியும் அரசன்முன் சென்று நின்றதுதான் இவ்வரலாற்றின் உயிர்நாடி. அதை விட்டுவிட்டால், எஞ்சுவது கட்டுண்டு நிற்கும் ஓர் உருவம் மட்டுமே.

இந்த நிகழ்ச்சிகள் யாவற்றையும் உறுதியான சரித்திரமாக முன்வைப்பதும், எல்லாமே கட்டுக்கதை என ஒதுக்குவதும் ஒன்றுபோலத் தவறானவை. 354ஆம் ஆண்டின் உரோமைத் தொகுப்பிலுள்ள மறைசாட்சியர் பட்டியல், அப்பியா சாலையோரச் சுரங்கக் கல்லறையில் அவர் நினைவுகூரப்படும் நாளைத் தருகிறது. நான்காம் நூற்றாண்டின் ஆயரான புனித அம்புரோசும் அவரை மிலான் நகரத்தவர் என்றே குறிப்பிடுகிறார். ஐரின், படிக்கட்டு, சாக்கடை ஆகியவையோ பிற்கால வரலாற்றிலிருந்து வருபவை. ஆகவே அவற்றைச் சொல்லும்போது ‘மரபு கூறுகிறது’ என்று சேர்த்துச் சொல்வதே நேர்மை.

தாடியற்ற இளைஞராக அவரைக் காட்டும் ஓவியங்களைக் கொண்டு வயதைக் கணிக்கவும் வேண்டாம். உரோமையின் சங்கிலிப் புனித பேதுரு ஆலயத்திலுள்ள ஏழாம் நூற்றாண்டுக் கற்பதிப்போவியத்தில் அவர் தாடியுடைய முதியவர். உடலில் ஓர் அம்புகூட இல்லை.

கொள்ளைநோய்க்குப் பாதுகாவலர் என்பதால், அவர் வாழ்நாளில் அந்நோயைக் குணமாக்கியதாகச் சிலர் சொல்லிவிடுகிறார்கள். அப்பெருமை அவருக்கு வந்தது நெடுங்காலம் கழித்து, 680இல் இத்தாலியின் பவியா நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோதுதான். அங்கே அவர் பெயரில் பீடம் எழுப்பப்பட்டதும் நோய் தணிந்தது என்று எட்டாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பவுல் தியாக்கோன் எழுதிவைத்திருக்கிறார். கொள்ளைநோயை வானிலிருந்து பாயும் அம்பாகக் காண்பது பழங்கால வழக்கம். விவிலியத்தின் 91ஆம் திருப்பாடலிலும் பகலில் பாயும் அம்பும் இருளில் உலவும் கொள்ளைநோயும் அடுத்தடுத்தே வருகின்றன. அம்புக்குத் தப்பியவரிடம் அந்நோய்க்காக மக்கள் மன்றாடியதில் வியப்பில்லை.