அருகில் இருப்பவர் ஆமென் சொல்லும்படி: ஆராதனையில் வரங்களைப் பயன்படுத்தும் முறை

கொரிந்து சபையில் வரங்களுக்கு, அதாவது ஆவியானவர் விசுவாசிகளுக்குத் தரும் திறன்களுக்கு, குறைவே இல்லை. அந்தச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) தொடக்கத்திலேயே அப்போஸ்தலனாகிய பவுல் இதைச் சொல்லி தேவனுக்கு நன்றி செலுத்துகிறார். இருந்தும், கூடிவரும்போது அந்த வரங்களைக் கையாள வேண்டிய முறையை விளக்க, அதே நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில் பெரும்பகுதியை அவர் ஒதுக்க வேண்டியிருந்தது. அங்கே அவர் திரும்பத் திரும்ப எடுத்தாளும் சொல் நமது வேதாகமத்தில் 'பக்திவிருத்தி' என்று வருகிறது. கிரேக்க மூலத்தில் அது வீடு கட்டுவதைக் குறிக்கும் சொல். ஆகையால், "எனக்கு இந்த வரம் உண்டா?" என்று கேட்பதற்கு முன், "இதனால் அருகில் இருப்பவர் கட்டப்படுவாரா?" என்று கேட்டுப் பழகுங்கள்.

ஆயத்தம் ஆராதனைக்கு முன்பே தொடங்க வேண்டும். சபையாரில் துக்கத்தில் இருப்பவர், சோர்ந்துபோனவர், புதிதாக வந்தவர் என்று ஒருவரையாவது பெயர் சொல்லி ஜெபித்துவிட்டு வாருங்கள். யாரையும் மனதில் கொள்ளாமல் வருகிறவருடைய கவனம், தாம் எப்படிப் பாடுவோம், எப்படிப் பேசுவோம் என்பதிலேயே போய் நின்றுவிடுகிறது.

சபை நடுவே ஜெபிக்கும் பொறுப்பைப் பலரும் எளிதாக எண்ணுகிறார்கள். என் பார்வையில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் அதுதான். நீங்கள் சொல்வதைக் கேட்பவர் விளங்கிக்கொண்டு ஆமென் சொல்ல வேண்டும் என்பது பவுல் வைக்கும் அளவுகோல். கணவரை இழந்த ஒரு பெண் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்காக ஜெபிக்க எழுந்தவர், பரலோகத்தைப் பற்றிய வசனங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஜெபத்தையே ஒரு பிரசங்கமாக நீட்டிவிடுகிறார்; அந்தப் பெண் பாதியிலேயே கண்களைத் திறந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்து எழுந்தவரோ, "ஆண்டவரே, இவருக்கு இரவு மிகவும் நீளமாயிருக்கிறது, விடியும்வரை கூடவே இரும்" என்று மட்டும் சொல்லி அமர்கிறார். ஆமென் என்ற சொல் அந்தப் பெண்ணின் வாயிலிருந்து அப்போதுதான் வருகிறது. சபையில் அந்நியபாஷையில் (ஆவியின் ஏவுதலால் வரும், கேட்பவருக்கு விளங்காத மொழியில்) பேசும் பதினாயிரம் வார்த்தைகளைவிட, பிறருக்கு உணர்த்தும் ஐந்து வார்த்தைகளே மேல் என்று பவுல் எழுதியதை, தாய்மொழியில் நீட்டிப் பேசுகிற நாமும் நினைவில் வைக்க வேண்டும்.

அந்நியபாஷையைக் குறித்துச் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதை ஏற்கும் சபைகளுக்கு வரம்பு தெளிவாக இருக்கிறது: இருவர், மிஞ்சினால் மூவர், அதுவும் ஒவ்வொருவராகப் பேச வேண்டும், ஒருவர் அர்த்தம் சொல்ல வேண்டும். அர்த்தம் சொல்பவர் இல்லையென்றால், சபையில் மௌனமாயிருந்து, தமக்குள்ளும் தேவனோடும் பேசிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவர் இருக்கிறாரா என்பதை முன்னதாகவே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

தீர்க்கதரிசன வார்த்தையை, அதாவது தேவன் உணர்த்தியதாக நம்பும் செய்தியைப் பகிரும் முன், அது பக்திவிருத்தி, புத்தி (அறிவுரை), ஆறுதல் ஆகியவற்றில் எதைத் தருகிறது என்று பாருங்கள். 1 கொரிந்தியர் 14:3 சொல்வது இந்த மூன்றையே. ஒருவருடைய மறைவான தவற்றை எல்லார் முன்பாகவும் உடைத்துச் சொல்வதும், திருமணத்தையோ வேலையையோ அவருக்காகத் தீர்மானிப்பதும் அவரைக் கட்டாது, நொறுக்கிவிடும். "கர்த்தர் சொல்லுகிறார்" என்று முடிவாக அறிவிப்பதைவிட, "எனக்கு இப்படி உணர்த்தப்பட்டது, நிதானித்துப் பாருங்கள்" என்று சொல்வதே நல்லது. மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்பதும் அதே அதிகாரத்தின் கட்டளைதான். "ஆவியானவர் ஏவினார், அடக்க முடியவில்லை" என்ற பேச்சுக்கும் அங்கே இடமில்லை, ஏனெனில் தீர்க்கதரிசிகளின் ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கின்றன. வேறொருவருக்கு வெளிப்பாடு வந்தால், பேசிக்கொண்டிருப்பவர் நிறுத்த வேண்டும்.

பாடல் நடத்துகிறவர்கள், சபையாரின் குரல் தங்கள் காதில் விழுகிறதா என்று கவனித்தால் போதும். விழவில்லையென்றால் வாத்தியங்களின் ஒலியையோ பாடலின் சுருதியையோ குறைக்க வேண்டும்.

மேடைக்கு வராத வரங்களை நாம் வரங்களாகவே எண்ணுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ரோமர் 12-ஆம் அதிகாரம் தீர்க்கதரிசனத்தோடு பகிர்ந்துகொடுத்தலையும் இரக்கம் செய்வதையும் ஒரே வரிசையில் வைக்கிறது. வேதாகமத்தில் பக்கம் தெரியாமல் தடுமாறும் புதியவரிடம், ஒரு சகோதரி ஓசையின்றித் தம் வேதாகமத்தைத் திறந்து நீட்டி, வசனத்தின்மேல் விரல் வைத்துக் காட்டுகிறார். அவரும் அந்த ஆராதனையில் தம் வரத்தைப் பயன்படுத்துகிறார். உங்களுக்கு இப்படிப்பட்ட வரம் இருந்தால் அழைப்புக்காகக் காத்திராமல், சற்று முன்னதாக வந்து, கதவருகே அமருங்கள்.

ஆராதனை முடிந்தபின், முகஸ்துதி செய்யாத ஒரு மூப்பரிடமோ நண்பரிடமோ, "நான் பேசியதில் உங்களுக்கு எது நினைவில் நிற்கிறது?" என்று கேளுங்கள். அவர் உங்கள் குரலைப் பற்றி மட்டும் சொன்னால், அடுத்த வாரத்துக்கான ஆயத்தத்தை அந்தப் பதிலிலிருந்தே தொடங்குங்கள்.