அணில் குட்டி ஓயாமல் சொறிந்தால் செய்யக் கூடாதவை

தென்னையில் மட்டை கழிக்கும்போதோ, பூட்டிக் கிடந்த அறையின் பரணைச் சுத்தம் செய்யும்போதோ, நாரும் பஞ்சும் சேர்த்துத் தாய் அணில் கட்டிய கூடு கலைந்து, உரோமம் முளைக்காத குட்டிகள் கீழே விழுகின்றன. தாய் வந்து கவ்விச் செல்லும் என்று காத்திருந்தும் வராதபோது, இரக்கமுள்ள யாரோ ஒருவர் எடுத்து வந்து, இரவெல்லாம் கண் விழித்துப் பால் புகட்டி, கண் திறக்கும் வரை காப்பாற்றிவிடுகிறார். உரோமம் அடர்ந்து, முதுகில் மூன்று கோடுகளும் தெளிவாகத் தெரியத் தொடங்கும் அந்த நேரத்தில், குட்டி பின்னங்காலால் காதோரத்தைப் பறண்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்து அவர் பதறிப்போகிறார். பட்டினியையும் குளிரையும் தாண்டி வந்த குட்டிகள் இந்தப் பதற்றத்தில் சாவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பசும்பால் கொடுக்காதீர்கள், மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டாதீர்கள் என்பவையெல்லாம் பலரும் சொல்லிவிட்டவை. அரிப்புக்கு வைத்தியம் செய்யப் போய் நேரும் தவறுகளை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

சொறிவதெல்லாம் உண்ணியால் என்று முடிவு கட்டுதல்

உரோமம் முளைக்கும் பருவத்தில் குட்டியின் தோல் வறண்டு, பொடுகு போல வெள்ளையாக உதிர்வது இயல்பு. தோல் சிவக்காமலும் புண்ணாகாமலும் இருந்தால் அதற்கு மருந்தே தேவையில்லை. தாடையிலும் கழுத்திலும் வழிந்த பால் துடைக்கப்படாமல் காய்ந்தால் அந்த இடம் அரிக்கும். சிறுநீரில் நனைந்த துணியிலேயே கிடந்தால் அடிவயிறும் தொடையும் வெந்ததுபோல் சிவக்கும். படர்தாமரை என்று நாம் சொல்லும் பூஞ்சைத் தொற்று, வட்ட வட்டமாக உரோமத்தை உதிர்த்துச் செதில் கட்டும். பெரும்பாலும் அதில் அரிப்பு குறைவு. மைட் எனப்படும் நுண்ணிய சொறி உண்ணியின் வேலை வேறு விதமானது. காது விளிம்பு, கண்ணைச் சுற்றிய பகுதி, மூக்கின் மேற்புறம், முழங்கை போன்ற இடங்களில் உரோமம் கொட்டி, தோல் தடித்து, மஞ்சளும் சாம்பலும் கலந்த பொருக்கு கட்டும். குட்டி பால் குடிப்பதை நடுவில் நிறுத்திவிட்டுக்கூடச் சொறியும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளைத் தாளின் மேல் குட்டியை வைத்து, மென்மையான பல் துலக்கியால் உரோமத்தை எதிர்ப்புறமாக நீவிவிட்டு, தாளில் விழுவதைப் பாருங்கள். கருந்துகள்கள் விழுந்தால் ஈரப் பஞ்சால் ஒற்றுங்கள். செந்நிறம் ஊறினால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது செரித்த இரத்தம். தோலுக்குள் வளை தோண்டி வாழும் சொறி உண்ணி இந்தச் சோதனையில் அகப்படாது. அதற்குக் கால்நடை மருத்துவர் பொருக்கின் ஓரத்தைச் சுரண்டி எடுத்து, லிக்விட் பாரஃபின் என்ற எண்ணெய் விட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஒரு முறை பார்த்து எதுவும் தெரியவில்லை என்பதாலேயே உண்ணி இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் அந்த ஐயத்தைத் தீர்க்க வேண்டியவர் மருத்துவரே தவிர மருந்துக்கடைக்காரர் அல்லர்.

“ஒரே ஒரு சொட்டுதானே!”

இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. காலணி அட்டைப்பெட்டியில் குட்டியை வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். குட்டியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. எழுந்து நிற்க முயன்றபோதெல்லாம் பின்னங்கால்கள் இரண்டும் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் விரிந்தன. விரலை நீட்டினால் பற்றிக்கொள்ள வேண்டிய முன்னங்கைகள் சும்மா கிடந்தன. “என்ன கொடுத்தீங்க?” என்றதற்கு, “மாட்டுக்குப் போடுற உண்ணி மருந்துதாங்க, ஐவர்மெக்டின். முதுகுல ஒரே ஒரு சொட்டுதான் விட்டேன்” என்றார். பக்கத்து வீட்டுக்காரர் தம் அணிலுக்கு அப்படித்தான் விட்டாராம், அது நன்றாக ஓடியாடுகிறதாம்.

கணக்கைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் 1 சதவீத ஐவர்மெக்டின் ஊசி மருந்தின் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. மாட்டுக்கான அளவு, 50 கிலோ எடைக்கு 1 மில்லி. அதாவது கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். குட்டியின் எடை 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது 50 கிலோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே அளவீட்டின்படி அதற்குச் சேர வேண்டியது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.001 மில்லி. ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ 0.05 மில்லி. ஆகவே “ஒரே ஒரு சொட்டு” என்பது அந்தக் குட்டிக்கு உரியதைப்போல் 50 மடங்கு.

சொட்டு வேண்டாம், இன்சுலின் சிரிஞ்சால் துல்லியமாக எடுக்கிறேன் என்று சிலர் வருகிறார்கள். நம் நாட்டில் பரவலாக விற்கும் 40 யூனிட் சிரிஞ்சில் ஒரு கோடு 0.025 மில்லி, அதுவே 25 மடங்கு. மனிதர்களுக்கான 12 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து நகக்கண்ணால் கிள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. அந்த மாத்திரை 60 கிலோ எடையுள்ள ஆளுக்கானது. அதில் நூறில் ஒரு பங்கைக் கிள்ளினாலும் 50 கிராம் குட்டிக்கு அது 12 மடங்கு. கண்ணால் அளக்கக்கூடிய எந்த அளவும் இந்த உடம்புக்கு அதிகம்தான். நம் ஊர் அணில் முழுதாக வளர்ந்தாலும் ஏறத்தாழ 100 கிராம்தான் என்பதை மனத்தில் வையுங்கள்.

இன்னொரு பிழை, நீர் கலந்து நீர்க்கச் செய்வது. ஐவர்மெக்டின் தண்ணீரில் கரையாது. ஊசி மருந்தோடு தண்ணீர் சேர்த்தால் கலங்கலாகி மருந்து பிரிந்துவிடும். மேலாக எடுத்தால் வெறும் நீர் வரலாம், அடியில் எடுத்தால் மருந்து திரண்டு வரலாம். மருத்துவர்கள் இதற்கு ப்ரொபிலீன் கிளைகால் போன்ற கரைப்பானைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் செய்கிற வேலை அன்று அது.

பக்கத்து வீட்டு அணில் ஏன் பிழைத்தது என்று கேட்பீர்கள். முதுகில் விட்ட சொட்டில் பாதி உரோமத்தோடு போயிருக்கலாம், துணியில் ஒட்டியிருக்கலாம், தோல் அவ்வளவாக உறிஞ்சாமல் இருந்திருக்கலாம். உடன்பிறந்த குட்டி அதை நக்கியிருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும். தப்பிப் பிழைத்த குட்டியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். செத்த குட்டியை வேப்பமரத்தடியில் புதைத்தவர்கள் பேசுவதில்லை. இந்த மருந்து கெட்டதென்று நான் சொல்லவில்லை. இது பிறந்த அவெர்மெக்டின் குடும்பத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் வில்லியம் கேம்ப்பெலும் சதோஷி ஓமுராவும் 2015இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பாலூட்டிகளின் மூளைக்குள் இது எளிதில் புகாது என்பதே இதன் பாதுகாப்புக்கு அடிப்படை. அளவு மிகும்போதும், மூளையைக் காக்கும் அந்த அரண் முதிராத இளங்குட்டியிடத்திலும் அந்த அடிப்படை சரிந்துவிடுகிறது. தள்ளாட்டம், நடுக்கம், மயக்கம், மூச்சுத் தளர்வு என்று வரிசையாக வரும். முறிமருந்து கிடையாது. வெதுவெதுப்பாக வைத்து, மருத்துவர் தோலுக்கடியில் திரவம் ஏற்ற, காத்திருப்பது ஒன்றுதான் வழி. அந்த நிலையில் தெம்புக்கென்று பால் புகட்டினால், விழுங்கத் தெரியாத குட்டிக்கு அது நுரையீரலில் இறங்கும்.

மருத்துவரிடம் போகும்போது குட்டியின் எடையைத் தெரிந்துகொண்டு போங்கள். சமையலறைத் தராசு சில கிராம் கூடக் குறையக் காட்டும். 50 கிராம் குட்டிக்கு 5 கிராம் தவறினால் மருந்தும் பத்தில் ஒரு பங்கு தவறும். நகை நிறுக்கும் சிறு மின்தராசு நல்லது. குட்டியை ஒரு துணிப்பையில் போட்டு நிறுத்து, பையின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். சிறு விலங்குகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர், செலமெக்டின் போன்ற மாற்று மருந்தையும் எண்ணிப் பார்ப்பார். எதுவாயினும் அளவை எழுதி வாங்குங்கள், வாய்ச்சொல்லாக வாங்காதீர்கள்.

வேப்பெண்ணெய், கற்பூர எண்ணெய், மண்ணெண்ணெய்

மூன்றும் வேண்டாம். அணில் தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்யும். மேலே பூசியது உள்ளே போகும்.

நாய்க்கு வாங்கிய ஸ்பிரே, பவுடர்

எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுதல்

இவ்வளவு சிறிய உடம்பு நனைந்தால் கடகடவென்று சூடு இழக்கும். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது, மந்தமாகி, மறுநாள் காலையில் விறைத்துக் கிடக்கும். சோப்பு தோலின் எண்ணெய்ப் பசையைக் கழுவிவிடுவதால் அரிப்பு கூடுமே தவிரக் குறையாது. பால் ஒட்டிய இடத்தை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

குட்டிக்கு மருந்து, படுக்கைக்கு ஒன்றுமில்லை

குட்டியோடு சேர்த்து எடுத்துவந்த பழைய கூட்டை, ‘தாயின் வாசம் இருக்கும்’ என்று சொல்லிப் பெட்டியிலேயே வைத்திருப்பவர்கள் பலர். தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் குடியிருப்பதே அந்த நாரிலும் பஞ்சிலும்தான். முதல் நாளே அதை அப்புறப்படுத்திவிட வேண்டும். சொறி உண்ணி உடம்பை விட்டு வெளியே சில நாட்கள்தான் தாங்கும் என்றாலும், மருந்து போட்ட குட்டியை அதே துணியில் திரும்பக் கிடத்தினால் அந்தச் சில நாட்களே போதும். பழைய பனியன் துணியே படுக்கைக்கு ஏற்றது. தினமும் மாற்றி, கொதிநீரில் அலசி, வெயிலில் காயப்போடுங்கள். டர்க்கி டவலின் நூல் வளையங்களில் நகம் மாட்டிக்கொண்டு கால் முறிந்த குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பஞ்சு இழையும் அப்படித்தான், விரலைச் சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். கழுவ முடியாத பொம்மை, மரத்துண்டு, ஊஞ்சல் கயிறு ஆகியவற்றைத் தூக்கி எறிந்துவிடுவதே எளிது. கூடவே கிடந்த குட்டிகள் சொறியாவிட்டாலும் அவற்றையும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

பாதியில் விடுதல், அல்லது பொறுமையின்றித் திரும்பக் கொடுத்தல்

ஐவர்மெக்டின் உண்ணியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை மூன்று நான்கு நாட்களில் பொரிந்து, குஞ்சு உண்ணி வளர்ந்து மறுபடி முட்டையிட ஏறத்தாழ இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். அதனால்தான் மருத்துவர் இரண்டு வாரம் கழித்து அடுத்த தவணைக்கு வரச் சொல்கிறார். பொருக்கு உதிர்ந்து புது உரோமம் தலைகாட்டியதும் பலர் அந்தத் தவணையை மறந்துவிடுகிறார்கள்; ஒரு மாதத்தில் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. வேறு சிலர் இதற்கு நேர்மாறு. மருந்து போட்ட மூன்றாம் நாளும் குட்டி சொறிகிறதே என்று தாங்களாகவே இன்னொரு முறை போடுகிறார்கள். செத்த உண்ணியும் அதன் கழிவும் தோலுக்குள் இருக்கும் வரை ஒவ்வாமையால் அரிப்பு தொடரத்தான் செய்யும். நாளுக்கு நாள் பொருக்கு காய்ந்து சுருங்குகிறதா என்று பாருங்கள். சொறியும் வேகத்தை வைத்து மருந்தை எடை போடாதீர்கள்.

சொறி ஆறாத குட்டியை மரத்தில் விடுதல்

அந்த மரத்தின் மற்ற அணில்களுக்கு அந்தச் சொறியைக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் கையில் வரும் அரிப்பைக் கண்டுகொள்ளாமல் இருத்தல்

குட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தவருக்கு மார்பிலும், கையில் வைத்துப் பால் கொடுத்தவருக்கு மணிக்கட்டிலும் சிறு சிறு சிவந்த கொப்புளங்கள் வரலாம். விலங்கின் சொறி உண்ணி மனிதத் தோலில் பெருகி நிலைப்பதில்லை; குட்டிக்குக் குணமானால் பெரும்பாலும் இதுவும் தானே அடங்கும். படர்தாமரை அப்படியல்ல, அது வீட்டில் உள்ள எல்லோருக்கும் பரவும். குழந்தைகளுக்கு முதலில் வரும். தோல் மருத்துவரிடம் போனால், வீட்டில் அணில் குட்டி இருப்பதையும், அதற்கு எந்த மருந்து எப்போது போடப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெயிலில் வந்த வேர்க்குரு என்று அவர் பவுடர் எழுதிக் கொடுப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.