எடைக்குறைப்பு ஆபரேஷனும் முதுகெலும்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். அதிக உடல் பருமனுக்காக இரைப்பை ஆபரேஷன் செய்தவர்கள் முதுகு, கால் தொந்தரவோடு வந்தால், புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் நாங்கள் ஆரம்பத்தில் தவறிய அதே இடங்களில்தான் தவறுகிறார்கள். குனிந்து பாரம் தூக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம்.

வலி போனதும் சத்து மாத்திரையை நிறுத்துவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். எடை இறங்கினால் இடுப்பு எலும்புகள் தாங்கும் பாரம் குறையும், பலருக்கு வலியும் குறையும். சரி, எல்லாம் முடிந்தது என்று நோயாளிகள் சத்து மாத்திரைகளை விட்டுவிடுகிறார்கள்.

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து சில வருடங்கள். இருட்டில் படி இறங்கத் தடுமாறினார். "தரையே தெரிய மாட்டேங்கு சாரே" என்றார். எம்ஆர்ஐ ஸ்கேனில், முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது. அதை வைத்து வேறொரு இடத்தில் வாரக்கணக்கில் முதுகை இழுத்துவிடும் டிராக்‌ஷன் கொடுத்திருக்கிறார்கள். வயிற்றில் ஆபரேஷன் நடந்ததா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை! வலியே இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கித் தெரிவதுண்டு. அது நரம்பை அழுத்தினால் பெரும்பாலும் ஒரு காலில்தான் வலி இறங்கும். இவருக்கு இரண்டு பாதமும் ஒன்றுபோல் மரத்திருந்தன. கண்ணை மூடி நிற்கச் சொன்னால் சாய்ந்தார். கணுக்காலில் இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) அதிரவிட்டு வைத்தால் அதிர்வு தெரியவில்லை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகக் குறைவு. தண்டுவடத்தின் பின்பக்க நரம்புப் பாதை பாதிக்கப்பட்டிருந்தது.

"நான் தினமும் மீன் சாப்பிடுறேனே" என்றார். நம் மாவட்டத்தில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. சாளையில் பி12 நிறையவே உண்டு. ஆனால் அதை மீனிலிருந்து பிரிக்க இரைப்பை அமிலம் வேண்டும். குடலில் உறிஞ்ச இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதமும் வேண்டும். ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். இரைப்பை பைபாஸ் ஆபரேஷனில் உணவு அந்தப் பெரும்பகுதியின் பக்கமே போவதில்லை. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில வருடம் தாங்குவதால், கால் மரக்கும்போது ஆபரேஷன் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

ஊசி போட்டு அக்காவின் நடை தேறியது. மரத்துப்போனது முழுதாக மாறவில்லை. ஃபோலிக் ஆசிட் மட்டும் எடுத்தாலும் ஆபத்து: ரத்தசோகை சரியானதுபோல் காட்டும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். பி12 வாழ்நாள் முழுக்க வேண்டும், வருடம் ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனையும்.

கிழங்கில் வயிற்றை நிரப்புவது

சாப்பிட முடிவதே கொஞ்சம். அதுவும் மரச்சீனிக் கிழங்கும் கஞ்சியுமாகப் போனால் கொழுப்போடு முதுகுத் தசையும் கரையும். நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். முதலில் மீன், முட்டை, பயறு. அப்புறம் கிழங்கு. நடை மட்டும் போதாது, தசைக்கு வேலை தரும் பயிற்சியும் செய்யுங்கள்.

கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்து விழுங்குவது

இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

வலிக்கு டைக்ளோபெனாக்

பைபாஸ் செய்தவர்களுக்கு ஆகாது. குடலை இணைத்த இடத்தில் புண் வரும்.

எடை குறையட்டும் என்று காத்திருப்பது

பாதம் தொங்கினாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாவிட்டாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.