மூளைக்காயம் பட்ட முன்னாள் படைவீரரின் உறக்கத்தை வீட்டார் கவனிப்பது எப்படி?

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குண்டுவெடிப்பின் அதிர்வலையில் சிக்கிய அமெரிக்கப் படைவீரர் பலருக்கு வெளிக்காயம் ஏதும் இராது. ஸ்கேன்கூட இயல்பாகவே தெரியலாம். ஆனால் வீடு திரும்பிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் உறக்கம் சீராவதில்லை. மூளைக்காயம், உறக்கக்கேடு ஆகிய இரண்டுமே தற்கொலை அபாயத்தைக் கூட்டுபவை. பட்ட காயத்தை இல்லாமல் ஆக்க முடியாது; உறக்கத்தைப் பெருமளவு சீராக்கலாம்.

இரண்டு வாரங்களுக்கு ஓர் உறக்கக் குறிப்பேடு எழுதுங்கள். படுத்த நேரம், விழித்த நேரம், கெட்ட கனவு, காலைத் தலைவலி, அன்று அருந்திய மது ஆகியவற்றோடு குறட்டையையும் குறியுங்கள். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதைத் தூங்குபவர் பெரும்பாலும் அறியமாட்டார். அருகில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் செல்லும்போது, தூக்கம் வரவில்லை என்பதோடு நிறுத்தாமல், எந்த ஆண்டில், எத்தனை முறை வெடிப்புக்கு அருகில் இருந்தார், அப்போது நினைவு தப்பியதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தலைவலியை ஒருவரிடமும் தூக்கமின்மையை இன்னொருவரிடமும் சொன்னால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு யார் கண்ணிலும் படாமல் போகும்.

உறக்கத்தில் மூச்சுத்தடை உறுதியானால், முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி உதவும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அன்று. படுக்கையில் விழித்துக் கிடக்கும் நேரத்தைக் குறைத்து, தினமும் ஒரே நேரத்தில் எழப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையே. முதல் சில வாரங்கள் இது கடினமாகவே இருக்கும். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் பென்சோடயாசிபைன் வகை மாத்திரைகள் மறதியையும் தள்ளாட்டத்தையும் மிகுவிக்கலாம். மதுவோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே உட்கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தவும் கூடாது.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் தற்கொலைகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு துப்பாக்கியால் நிகழ்கின்றன. ஆகவே, நிலைமை தெளியும்வரை துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே பாதுகாப்பாக வைப்பது, இயலாவிடில் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுப்பது, எந்த அறிவுரையையும்விடப் பயன் தரும். இதை அவருடன் பேசி, அவர் ஒப்புதலோடு செய்யுங்கள்.

நெருக்கடி என்று தோன்றினால், அமெரிக்காவில் 988 என்ற உதவி எண்ணை அழைத்து, முன்னாள் படைவீரர் பிரிவுக்கு 1 அழுத்த வேண்டும். 2023 ஜனவரி முதல், அங்கே தகுதியுள்ள முன்னாள் படைவீரர்கள், படைவீரர் நலத்துறையில் பதிவு செய்யாதவராயினும், தற்கொலை நெருக்கடிக்கான அவசர சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம். இந்தியாவில் இருப்போருக்கு, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இந்த எண்களை வீட்டாரும் அழைக்கலாம்.